ஜி.டி. நாயுடுவும் எங்க ஊர்க் கிணறுகளும்

நம் கல்லூரிக்கு முதலில் வைத்த பெயர் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி. 1945-ல் ஆரம்பித்தது. 1950-ல் தடாகம் ரோட்டுக்கு வந்தது. பெயர் அன்றைய சென்னை மாகாண கவர்னருடையது. ஆனால் கல்லூரி வரக் காரணமாக இருந்த கொடை கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களுடையது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளிடம் நாயுடுவைப் பற்றிக் கேட்டால் இந்தியாவின் எடிசன் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். சவர ரேசர் செய்தவர், ஒரே நாளில் வீடு கட்டியவர் என்றும் சிலர் சேர்த்துக் கொள்வார்கள். அதோடு நின்றுவிடும். மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, அவர் வாழ்க்கையை எங்க ஊர்க் கிணற்று மேட்டிலிருந்து பார்த்து எழுதினால் என்ன என்று தோன்றியது. நான் சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டிக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் மின் வாரியத்தில் வேலை பார்த்தவன். அதனால் பேச்சு மோட்டாரையே சுற்றிச் சுற்றி வரும், பொறுத்துக் கொள்ளவும்.

நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் கோவை மாவட்டத்தில் கலங்கல் என்கிற கிராமம். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயார் இறந்து போனார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடியதாகக் கதை உண்டு; எப்படியோ, படிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. தானாகப் படித்ததுதான் மிச்சம்.

பையனாக இருந்தபோது வெள்ளைக்கார சர்வே அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறார். ரட்ஜ் வண்டி. மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்து, காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் வேலை அதைப் பிரித்துப் போட்டதுதான். பிரித்தார், மறுபடி மாட்டினார். நம்ம மெஷின் ஷாப்பில் ஒரு பெட்ரோல் என்ஜினைப் பிரிக்க நமக்கு எத்தனை பீரியட் ஆச்சு, பக்கத்தில் எத்தனை பேர் நின்று சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

பிறகு பருத்தி வியாபாரம். திருப்பூரில் ஜின்னிங் பாக்டரி நடத்திப் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரிகளோடு மோதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார். இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பம்பாயில் பணத்தைத் தொலைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

1920-ல், ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை பண உதவி செய்ய, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். டிரைவரும் அவரே. சில வருஷங்களில் அது யூ.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்து, நாட்டிலேயே திறமாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. நேரத்துக்குக் கிளம்பும், நேரத்துக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அதன் விசேஷம்.

நேரத்துக்குப் போகிற பஸ் ஒரு ஏழைக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். எங்க ஊரில் பூ விவசாயம் அதிகம். குண்டுமல்லி, சன்னமல்லி, அரளி. மல்லிகை மொட்டை இருட்டோடு பறித்தால் வெயில் ஏறுவதற்குள் சேலம் மார்க்கெட்டில் இருக்கணும். அரை மணி நேரம் பிந்தினால் விலை பாதி. மாட்டு வண்டியில் பூ போய்ச் சேருகிற தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. விடியற்காலை பஸ் ஒன்று தவறாமல் வரும் என்கிற நிச்சயம் வந்த பிறகுதான் கால் ஏக்கர் வைத்திருப்பவர்கூடத் துணிந்து மல்லிச் செடி வைத்தார். எங்க ஊருக்கு ஓடியது நாயுடு பஸ் இல்லைதான். ஆனால் அட்டவணை போட்டு பஸ் ஓட்டுகிற பழக்கத்தைக் கொங்கு நாட்டில் நிலைநாட்டியவர்களில் முதல் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது.

இனி மோட்டாருக்கு வருகிறேன்.

பனமரத்துப்பட்டி ஏரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜருகுமலை அடிவாரத்தில் 1911-ல் கட்டிய பெரிய ஏரி. ஆனால் அது சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டியது. சுற்றி இருக்கிற காடு தோட்டத்துக்கு வாய்க்கால் பாய்கிற ஏரி இல்லை. எங்களுக்கு எல்லாம் கிணறுதான். பாறையில் வெடி வைத்து, சட்டிக் கூடையில் கல் சுமந்து வெட்டின கிணறு. அறுபது அடி, எழுபது அடி. அதிலிருந்து தண்ணீர் மேலே வரணும் என்றால் கவலை இறைக்கணும்.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் உருளை கட்டி, வடக்கயிற்றில் பெரிய சால் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அடியில் தோலில் தைத்த நீள வால் வைத்திருப்பார்கள். ஒரு ஜோடி மாடு சரிவில் கீழே இறங்கினால் சால் மேலே வரும். வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்னாலேயே மேடேறினால் சால் கீழே போகும். எங்க அப்பாரு விடியற்காலை நாலு மணிக்கு மாடு பூட்டுவார். வெயில் ஏறினால் மாடு தாங்காது, அவிழ்த்துவிட்டு மறுபடி சாயங்காலம் பூட்டணும். சரிவில் முன்னும் பின்னும் நடந்தே அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. இத்தனைக்கும் ஒரு நாளில் நனைகிற நிலம் சொற்பம். அதனால் கிணறு இருந்தும் பாதி நிலம் மானாவாரியாகவே கிடக்கும். சோளம், ஆமணக்கு, நிலக்கடலை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாட்டுக்குத் தீவனம் போடவே நிலத்தில் ஒரு பங்கு போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஜோடி மாடு தொடர்ந்து கொடுக்கிற சக்தி ஏறக்குறைய ஒரு எச்.பி. என்று வைத்துக் கொள்ளலாம். 5 எச்.பி. மோட்டார் என்றால் அஞ்சு ஜோடி மாடு. அதுவும் களைத்துப் போகாத, தீவனம் கேட்காத, ராத்திரியிலும் இறைக்கிற மாடு. பம்பிலும் குழாயிலும் ஆகிற நஷ்டத்தைப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டாலும், அறுபது அடி ஆழத்திலிருந்து மணிக்கு இருபதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் ஏறும். அதே மனிதர், அதே கிணறு, அதே நிலம். மாறியது இறைக்கிற சாதனம் மட்டும்தான்.

மின்சாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, 1937-ல் அங்கேயும் மின்சாரம் எடுத்தார்கள். பம்பு வார்க்க கோவையில் ஃபவுண்டரிகள் இருந்தன. ஆனால் மோட்டார் சீமையிலிருந்து கப்பலில் வரணும். விலை ஒரு பக்கம். பழுதானால் உதிரி பாகத்துக்கு மாதக் கணக்கில் காத்திருக்கணும். பெரிய மில்காரருக்குப் பரவாயில்லை. பயிர் வாடிக் கொண்டிருக்கிறவனுக்கு அது ஆகிற காரியமா?

1937-ல் பீளமேட்டில் நாயுடு தொடங்கிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் வெளியே வந்தது. அதை வடிவமைத்ததில் பெரும் பங்கு டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கு. பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். பட்டம் வாங்காத ஒருவரும் அவருடைய கூட்டாளியும், அந்நிய நாட்டு மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, இங்கே கிடைக்கிற ஆளையும் பட்டறையையும் வைத்து ஒன்று செய்தார்கள். அந்த ஒரு மோட்டாரே பெரிய சாதனை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் வேலை பழகின ஆட்கள் வெளியே வந்து தனித்தனிப் பட்டறை போட்டார்களே, அதைத்தான் பெரிது என்பேன். பம்பு, மோட்டார் என்றாலே கோயம்புத்தூர் என்று நாடு முழுக்கப் பெயர் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு தாலுகா ஊர்தோறும் காயில் கட்டுகிற கடை முளைத்தது. மோட்டார் காயில் எரிந்து போனால் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டு போய் மறுநாள் சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து மாட்டினார்கள். பத்தாவது தாண்டாத பையன்கள் சுற்றுக் கணக்கும் கம்பி கேஜும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களிடம்தான் பல விஷயம் கற்றுக் கொண்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்க தோட்டத்துக்குக் கரண்டு வந்தது 1960-களில். சும்மா மேலே வைத்து சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வந்துவிடாது. மேலே நிற்கிற பம்பு உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தத்தின் கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 25 அடிகூட நிச்சயமில்லை. எங்க கிணறோ அறுபது அடி. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாறையில் மேடை வெட்டி, அல்லது குறுக்கே கிர்டர் போட்டு, அதில் மோட்டாரை உட்கார வைப்பார்கள். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கணும். மழை வந்து ஊற்று திடீரென்று ஏறினால் நடு ராத்திரியில் ஊரையே எழுப்பி, கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்கணும். இல்லையென்றால் மூழ்கிப் போகும், காயில் கட்ட மறுபடி செலவு. அப்படித் தூக்கின ராத்திரிகளில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பகையாளியாக இருந்தாலும் வந்து கயிறு பிடிப்பார்.

மோட்டார் வந்தால் கூலி ஆளுக்கு வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நியாயமான பயம். கவலைக்கு வால் தைத்துக் கொடுத்த தோல் வேலைக்காரர்களுக்கு அந்த வருமானம் நின்றே போனது. அதற்கு ஈடு யாரும் கொடுக்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை. ஆனால் தோட்டத்து வேலையைப் பொறுத்தவரை நான் கண்ணால் பார்த்தது வேறு. ஒரு போகம் இரண்டு போகமாச்சு. மானாவாரியில் வருஷத்தில் சில மாதம்தான் வேலை. தண்ணீர் பாய்கிற நிலத்தில் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வருஷம் முழுக்க ஆள் வேணும். பூத்தோட்டம் என்றால் தினமும் பறிக்க ஆள் வேணும். மரவள்ளிக் கிழங்கு போட்டார்கள்; சேலத்தில் 1940-களில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலுக்கு அது போச்சு; அந்த மில்களிலும் கிழங்கு அரைத்தது மோட்டார்தான், அங்கேயும் ஆள் வேலை செய்தது. ஆள் தேடிப் போகிற நிலைமை வந்த பிறகுதான் கூலியைக் கூட்டிக் கேட்கிற தைரியம் கூலிக்காரருக்கு வந்தது. தானியமாக அளந்த கூலி பணமாக மாறியதும் அந்தக் காலத்தில்தான்.

இதையெல்லாம் ஒரு மோட்டார் மட்டும் செய்ததாகச் சொன்னால் நான் பொய்யன். பள்ளிக்கூடம், மதிய உணவு, ரேஷன் கடை, ரோடு, புது விதை, உரம், எல்லாம் சேர்ந்துதான். டெண்டுல்கர் குழுவின் முறையில் கணக்கிட்டதில் நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 1993-94-ல் நூற்றுக்கு 45 பேர், 2011-12-ல் 22 பேர். அதே 2011-12-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 11 பேர். இந்த இறக்கம் ஒரு தலைமுறையில் நடந்தது. நீர் இறைக்கிற மாட்டை அவிழ்த்துவிட்டது அதற்கும் ஒரு தலைமுறை முன்னால். புது சாதனம் கண்டுபிடித்த நாளுக்கும் அது ஏழை வீட்டு அடுப்பில் தெரிகிற நாளுக்கும் நடுவே இவ்வளவு காலம் பிடிக்கிறது.

நாயுடு விலையைப் பற்றியே ஓயாமல் யோசித்தவர். ஒரு பொருளைப் பார்த்தால் இதை எத்தனை மலிவாகச் செய்யலாம் என்பதுதான் அவர் கணக்கு. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய் என்றார். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை, நின்று போனது. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் போடும் இயந்திரம், மெல்லிய பிளேடு, பேட்டரியில் ஓடும் ரேசர் என்று பட்டியல் நீளும். தோட்டத்தில் பருத்தி, சோளம், பப்பாளி என்று ஆராய்ச்சி. சர் சி.வி. ராமனும் விஸ்வேசுவரய்யாவும் அந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்தும் காட்டினார்.

வரி போடுகிற விதத்தில் அவருக்கும் அரசாங்கத்துக்கும் ஓயாத தகராறு. தான் செய்த பொருள்களைத் தானே பொது இடத்தில் உடைத்துப் போட்டு எதிர்ப்புக் காட்டினார். என் அபிப்பிராயத்தில் அது அவருடைய நல்ல காரியங்களில் சேராது. அந்தப் பொருள்களைச் செய்த தொழிலாளியின் உழைப்பும் அதில் உடைந்தது. லைசென்ஸ் இல்லாமல் பெரிய தொழிற்சாலை போட முடியாத காலம் அது, கோபம் புரிகிறது. ஆனாலும் கார் வராமல் போனதில் எங்க ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மோட்டார் வராமல் போயிருந்தால் குறைந்திருக்கும். அவர் பெயரைச் சொல்லும்போது ரேசரும் காரும் முன்னால் வருவதும், மோட்டார் பின்னால் நிற்பதும் எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

1944-ல் பஸ் தொழிலின் பொறுப்பிலிருந்து விலகி, தொழிலாளர் நலத்துக்கும் ஆராய்ச்சி உதவித் தொகைக்கும் பணம் ஒதுக்கினார். அடுத்த வருஷம் நம் கல்லூரி. ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கின் முதல்வராக அவரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன் முதல்வர் நாற்காலியில்! உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. நாலு வருஷம் சொல்லிக் கொடுப்பதை இரண்டு வருஷத்தில் சொல்லிக் கொடுக்க முடியும், மிச்சக் காலம் பையன்களுக்கு வீண் என்று வாதாடினார். அரசாங்கம் ஒத்துக் கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். எங்கள் காலத்தில் பி.யு.சி.க்குப் பிறகு ஐந்து வருஷம் படித்தோம். அவர் உயிரோடு வந்து எங்கள் வகுப்பு நேர அட்டவணையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஹாஸ்டலில் பேசிச் சிரிப்போம். சிரிப்பு இருக்கட்டும், அவர் வாதத்தில் பாதியை நான் ஒத்துக் கொள்கிறேன். காயில் கட்டும் பையனுக்கு இரண்டு வருஷம் தாராளம். ஆனால் மின் கம்பி நூறு கிராமத்துக்குப் போகிறபோது எந்த இடத்தில் வோல்டேஜ் விழும், டிரான்ஸ்பார்மர் எத்தனை தாங்கும், அந்தக் கணக்குக்கு இரண்டு வருஷம் பத்தாது.

அவர் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. அஞ்சு மாட்டு சக்தியில் இறைக்கலாம் என்று ஆனதும் எல்லாரும் இறைத்தோம். மாடு களைத்தபோது கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது, மோட்டார் களைக்கவில்லை. 1980-களில் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு 20 லட்சத்துக்கும் மேல். பக்கத்துக்காரர் பத்தடி ஆழப்படுத்தினால் நாமும் பத்தடி வெட்டணும். வெட்டக் காசில்லாதவர் கிணறு முதலில் வற்றியது, நிலம் முதலில் கை மாறியது. பிறகு போர்வெல், ஆயிரம் அடி. எங்க அப்பாரு மோட்டார் இறக்கிய கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. போரில் எடுத்து அதில் ஊற்றி வைக்கிற தொட்டியாக இருக்கிறது. ஏரிக்குள்ளே சீமைக் கருவேலம் காடாக மண்டிப் போனது. சொட்டு நீர் போட்டவர்கள் பூத்தோட்டத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன சாதனம், எத்தனை ரூபாய்க்கு என்பதை இப்போது படிக்கிற தம்பி தங்கைகள்தான் சொல்லணும்.

நாயுடு மறைந்தது 1974 ஜனவரி 4. நான் அப்போது முதல் வருஷம். கோயம்புத்தூரே அன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசியது. டீக்கடையில் ஒருவர் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் கேமராவைப் பற்றிச் சொன்னார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர் அவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் பாலத்தின் மேலேயே பறந்துவிடாமல், கீழே அவினாசி ரோட்டில் பிரசிடென்ட் ஹாலில் இருக்கிற அவருடைய அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு போங்கள்.